மாமல்லபுரம் கடலோரத்தில் மேய்ச்சல் நிலத்துக்கு வேலி: பணத்தை எங்கே போடுவது?

திருக்கழுக்குன்றம், திருப்போரூர், மாமல்லபுரம் வட்டாரத்தில் ஆடு மாடு வளர்ப்போர் எங்களிடம் முன்பெல்லாம் தீவனத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். இப்போது வேலியைப் பற்றிக் கேட்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய தரிசுகள் மனைகளாகிவிட்டன. மந்தை ஓட்டிப் போன பாதைகள் பல அடைபட்டுவிட்டன. சொந்தமாக இருக்கும் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கரிலேயே மேய்க்க வேண்டிய நிலை. பக்கத்து மனைக்குள் ஆடு நுழைந்தால் சண்டை, சாலையில் மாடு ஏறினால் மனித உயிருக்கே ஆபத்து. வேலி தேவைதான். ஆனால் கையில் இருக்கும் பணம் முழுவதையும் நான்கு பக்கமும் செயின்லிங்க் வலை அடிப்பதில் போட்டுவிட்டு, ஐந்தாறு வருடத்தில் துருப்பிடித்து உதிர்வதைப் பார்த்தவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள்.

முதலில் கல்லைப் பாருங்கள்

குழி தோண்டும் முன் சர்வே கல் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டாவும் புல வரைபடமும் கையில் இருந்தாலும், கல் காணாமல் போயிருந்தால் நில அளவருக்கு விண்ணப்பித்து அளந்துவிடுவது நல்லது. இ-சேவை மையம் வழியாகவே கட்டணம் கட்டலாம். மனை விலை ஏறிய ஊர்களில் அரை அடி நகர்ந்தாலும் வழக்குதான். வண்டிப்பாதை, வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கு ஆகியவற்றை உள்ளே சேர்த்து அடைக்கக் கூடாது. மாமல்லபுரத்தில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. அந்த எல்லைக்குள்ளோ கடற்கரையை ஒட்டியோ நிலம் இருந்தால், தூண் நடுவதற்கு முன் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

எவ்வளவு கம்பி, எத்தனை தூண்?

ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. நிலம் சதுரமாக இருந்தால் சுற்றளவு ஏறத்தாழ 835 அடி. அதே ஏக்கர் 100 அடி அகலத்தில் நீளவாக்கில் கிடந்தால் 1,071 அடி. ஆகவே "ஏக்கருக்கு இவ்வளவு" என்று ஒப்பந்தக்காரர் சொல்லும் தொகையை அப்படியே ஏற்காமல், டேப் பிடித்து அடிக் கணக்கில் பேசுங்கள். 10 அடிக்கு ஒரு தூண் என்றால் சதுர ஏக்கருக்கு 84 தூண்கள். ஐந்து வரிசைக் கம்பிக்கு 4,175 அடி, அதாவது சுமார் 1,275 மீட்டர். 12 கேஜ் கம்பி கிலோவுக்கு ஏறத்தாழ 23 மீட்டர் வரும். 55 கிலோ போதும். 10 கேஜ் என்றால் கிலோவுக்கு 15 மீட்டர்தான், 85 கிலோ வாங்க வேண்டும். கடலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் தடிமனான 10 கேஜையே வாங்குங்கள். கம்பியின் ஆயுள் அதன் மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சில்தான் இருக்கிறது. உப்புக்காற்று அதைத்தான் முதலில் தின்னும். மெல்லிய பூச்சுக்கம்பி கடையில் பளபளவென்றுதான் இருக்கும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பூச்சு எடை எவ்வளவு என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

தூணுக்குக் கருங்கல் தூணே இந்தப் பக்கத்துக்குச் சரி. சிமெண்ட் தூணில் உள்ளே இருக்கும் கம்பிக்கு மேல் போதிய கனத்துக்குக் கான்கிரீட் இல்லாவிட்டால், உப்பு இறங்கிக் கம்பி துருப்பிடித்து உப்பும், தூண் நெடுக வெடிக்கும். மணற்பாங்கான நிலத்தில் 7 அடித் தூணை இரண்டரை அடி ஆழத்துக்காவது இறக்குங்கள். குழியைத் தோண்டிய மணலாலேயே மூடினால் பிடிக்காது. உடைகல்லும் கிராவல் மண்ணும் போட்டு, அரை அடிக்கு ஒரு முறை கடப்பாரையின் பின்பக்கத்தால் கிட்டித்து வாருங்கள். மூலைத்தூண்களுக்கும் கதவுத்தூண்களுக்கும் மட்டும் கான்கிரீட் போட்டு, இரு பக்கமும் முட்டுக்கால் கொடுங்கள். வேலி சாய்வது பெரும்பாலும் மூலையில்தான் தொடங்குகிறது.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. அதன் பிறகு நான் பார்த்த தோட்டங்களில் வெறும் கம்பி இழுத்த வேலிகள், மேலே மரம் விழுந்த இடத்தைத் தவிர, பெரும்பாலும் நின்றிருந்தன. பச்சை நிழல்வலையும் தகரமும் கட்டிய வேலிகள் தூணோடு படுத்துக்கிடந்தன. காற்று ஊடுருவிப் போக வழிவிட்ட வேலிதான் நிற்கும்.

ஆட்டுக்கு வேறு, மாட்டுக்கு வேறு

மாட்டுக்கு நாலரை அடி உயரத்தில் நான்கைந்து வரிசை போதும். நம் வட்டார இனமான மெட்ராஸ் சிவப்புச் செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் நான்கடி உயரம் வேண்டும். கீழ்வரிசைகள் நான்கு முதல் ஆறு அங்குல இடைவெளியில் நெருக்கமாக இருக்க வேண்டும், மேலே போகப்போகத் தளர்த்தலாம். இப்படி நெருக்கினால் எட்டு வரிசைக்கு மேல் ஆகும், கம்பிக் கணக்கும் அதற்கேற்பக் கூடும். ஆட்டுக்கு முள்கம்பி வேண்டாம். ரோமத்தோடு தோலும் கிழியும், மடியில் காயம்பட்டால் அந்த ஈற்றுப் பாலே போய்விடும். கடலோர ஊர்களில் பழைய மீன்வலையைக் கட்டுகிறார்கள். செலவில்லாததுதான், ஆனால் கொம்பு மாட்டிக்கொண்டு இரவெல்லாம் துடித்து மூச்சுத்திணறி இறந்த ஆடுகளைப் பார்த்திருக்கிறேன். வலை கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள், காலை மாலை சுற்றிப் பாருங்கள்.

சுற்று வேலி உயிர்வேலியாக இருக்கட்டும்

காங்கேயம் பகுதியின் கொறங்காடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் உள்ள மேய்ச்சல் காட்டை முள்கிளுவை உயிர்வேலியால் பிரித்து, மாறி மாறி மேய்க்கிறார்கள். பல தலைமுறையாக நிற்கும் வேலிகள் அவை. நம் கடலோர மணலுக்கும் உப்புக்காற்றுக்கும் கிளுவையைவிடப் பூவரசும் கொடுக்காப்புளியும் பொருந்தும். உள்வாங்கிய செம்மண் பகுதிகளில் ஒதியனும் கிளைரிசிடியாவும் நன்றாக வரும். பூவரசு, ஒதியன் போத்துகளைக் கை கனத்தில், ஆறேழு அடி நீளத்தில் வெட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது நட்டால், மழை முடிவதற்குள் வேர் பிடித்துவிடும். இரண்டு கல்தூண்களுக்கு நடுவே மூன்று போத்துகள் வைத்தால், தூண்களை 20 அடிக்கு ஒன்றாகக் குறைக்கலாம். அந்த மிச்சத்துக்கு நல்ல கம்பி வாங்கலாம். போத்து பிடிக்கும்வரை பட்டையை ஆடு உரிக்காமல் கருக்கு மட்டை கட்டிக் காப்பாற்றுங்கள். பூவரசுத் தழை கோடையில் தீவனமாகவும் ஆகும்.

வேலிக்கு ஆகாதவையும் உண்டு. தங்கும் விடுதிகளிலும் மனைகளிலும் அழகுக்காக அரளி வைக்கிறார்கள். அதைக் கவாத்து செய்து காலி நிலத்தில் கொட்டும் தழையைக் கொஞ்சம் தின்றாலும் ஆடு மாடு இறந்துவிடும். உங்கள் வேலிக்கு அடுத்து அரளி இருந்தால் அந்த மனைக்காரரிடம் பேசிவிடுங்கள். ஏரிக்கரைகளில் கிடைக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் தொடர்ந்து தின்றால் ஆட்டின் நரம்பைப் பாதிக்கும். சீமைக்கருவேல முள்ளை வெட்டி அடைப்பது பழக்கம்தான். காயோடு வெட்டிப் போட்டால் அதைத் தின்ற ஆடு மாடே சாணம், புழுக்கை வழியாக நிலமெங்கும் விதைத்துவிடும்.

இரவுப்பட்டியில் கஞ்சத்தனம் வேண்டாம்

தெருநாய்கள் கூட்டமாக வந்து ஒரே இரவில் ஒரு மந்தையையே கடித்துப் போடுவதைக் காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து விவசாயிகள் பட்டிருக்கிறார்கள். இங்கும் சாலையோரக் குப்பையை நம்பிப் பெருகிய நாய்கள் ஏராளம். ஒரு ஏக்கரையும் நாய் புகாதபடி அடைக்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. பெரிய ஆடு ஒன்றுக்குப் பத்து சதுர அடி என்று வைத்தால், 20 ஆட்டுக்கு 15 அடிக்கு 15 அடி பட்டி தாராளம். அதன் சுற்றளவு 60 அடிதான். அந்த 60 அடிக்கு மட்டும் ஐந்தரை அடி உயரக் கனமான கம்பிவலை அடியுங்கள். மணலை நாய் நிமிடத்தில் தோண்டிவிடும். அதனால் வலையின் அடிப்பகுதியில் ஒன்றரை அடியை வெளிப்பக்கமாக மடித்துப் படுக்கவைத்து, மேலே கல்லும் மண்ணும் போடுங்கள். என்னிடம் கேட்டால், வேலிக்கான முதல் ரூபாயை இங்கேதான் போட வேண்டும்.

பட்டியை நிலத்தின் மேட்டுப்பக்கம் அமையுங்கள். பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய தாழ்வுகளில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இரவோடிரவாகத் தண்ணீர் ஏறும். பூட்டிய வேலிக்குள் ஆடுகள் நீந்தக்கூட இடமில்லாமல் போகும். மேட்டுப்பக்கம் ஒரு படல் கட்டாயம், அதன் சாவி வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்க வேண்டும். வேலி வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் கம்பியை இறுக்கி இழுக்காமல், மேலிருந்து தொங்கும் படலாக விடுங்கள். இல்லையென்றால் வெள்ளத்தில் வரும் குப்பை சேர்ந்து இரண்டு பக்கத் தூண்களையும் இழுத்துப் போய்விடும்.

உள்ளே பிரிப்பது

சுற்று வேலிக்குள் பல பாகங்களாகப் பிரிக்க, எடுத்து மாற்றக்கூடிய வலையும் ஊன்றுகோலும் போதும். மழைக்காலத்தில் புழுக்கையோடு விழும் குடற்புழு முட்டை, ஐந்து முதல் ஏழு நாளில் நோய் தரும் பருவத்துக்கு வந்து புல்நுனியில் ஏறிவிடும். ஆகவே ஒரு பாகத்தில் நான்கு நாளுக்கு மேல் மேய விடாதீர்கள், திரும்ப அதே இடத்துக்கு வர ஒரு மாதமாவது ஆகட்டும். ஒவ்வொரு பாகத்திலிருந்தும் தண்ணீர்த் தொட்டிக்குப் போக வழி இருக்க வேண்டும். கதவை நடுவில் வைக்காமல் மூலையில் வையுங்கள். ஆடுகள் வேலியை ஒட்டியே நடக்கும், மூலையில் இருந்தால் ஒரு ஆள் ஓட்டிவிடலாம். டிராக்டர் வர 12 அடி விடுங்கள்.

மின்வேலி

சூரிய மின்வேலி நல்லதுதான். ஆனால் உலர்ந்த மணல் மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் குழாயை ஈரம் உள்ள ஆழம்வரை இறக்கினால்தான் அதிர்ச்சி கிடைக்கும். இன்சுலேட்டரில் படியும் உப்பைக் கோடையில் அடிக்கடி கழுவ வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை இதற்கு மானியம் வழங்கி வந்திருக்கிறது. இந்த ஆண்டு உண்டா என்று செங்கல்பட்டு அலுவலகத்தில் கேளுங்கள். தரமான கருவி வினாடிக்கு ஒரு முறை, மிகக் குறைந்த நேரமே அதிர்ச்சி தரும், உயிரைக் கொல்லாது. வீட்டு இணைப்பிலிருந்தோ மோட்டார் லைனிலிருந்தோ நேரடியாக வேலிக்கு மின்சாரம் கொடுப்பது கொலைக்குச் சமம், குற்றமும்கூட. பக்கத்து வயல் பிள்ளைகள் அந்த வேலியைத்தான் தாண்டுவார்கள்.

தூண் நடும் வேலையை மாசி முதல் ஆடிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஈர மணலில் குழி சரிந்துகொண்டே இருக்கும். போத்துகளுக்கு இப்போதே மரக்காரரிடம் சொல்லிவைத்தால் ஐப்பசியில் கிடைக்கும். தீவனப்புல் கரணைகள் வேண்டுவோர் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.