248 வினைச்சொற்களும் ஒரு சின்ன ஆலையும்



நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் படிப்புக்கும் நர்ஸ் வேலைக்கும் ஜெர்மனி போகத் தயாராகிறார்கள். "அட்டவணை எல்லாம் மனப்பாடம் தாத்தா, வாயைத் திறந்தா ஒரு வாக்கியம் வரமாட்டேங்குது" என்று ஒருத்தி போன வாரம் வருத்தப்பட்டாள். மாசக்கணக்கில் கட்டணம் கட்டிப் படிப்பவள். அவளுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் எழுதுகிறேன்.

பிரான்சுவா குவேன் 1831-இல் பிறந்த பிரெஞ்சுக்காரர், லத்தீன் ஆசிரியர். ஜெர்மன் கற்க ஹாம்பர்க் நகருக்குப் போனார். இலக்கண நூலையும் ஒழுங்கில்லாமல் மாறும் 248 வினைச்சொற்களையும் பத்தே நாளில் மனப்பாடம் செய்துவிட்டு, பெருமையோடு விரிவுரை கேட்கப் போனார். ஒரு சொல் புரியவில்லை.

வேறொருவராக இருந்தால் ஊர் திரும்பியிருப்பார். இவர் வாத்தியார் அல்லவா, வீட்டுப்பாடத்தைக் கூட்டினார்! 800 வேர்ச்சொற்களை உருப்போட்டார். கதே, ஷில்லர் நூல்களை அகராதியை வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார். முடிதிருத்தும் கடையில் மணிக்கணக்காக உட்கார்ந்து, முன்கூட்டியே தயார் செய்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தார், வந்தவர்கள் சிரித்தார்கள். கடைசியில் 30,000 சொற்கள் கொண்ட அகராதியையே ஒரு மாதத்தில் மனப்பாடம் செய்தார். கண் பழுதானதுதான் மிச்சம்.

விடுமுறைக்கு வீடு திரும்பினால், போகும்போது பேச்சே வராமலிருந்த உடன்பிறப்பின் மகன், மூன்று வயதுக்குள், ஓயாமல் பேசுகிறான். அந்தப் பையன் ஒருநாள் மாவு ஆலையைப் பார்த்துவிட்டு வந்தான். வந்ததும் ஒரு சின்ன ஆலை வேண்டும் என்றான். சின்ன மூட்டைகளில் மணலை நிரப்பினான், தூக்கினான், கொட்டினான். செய்வதையெல்லாம் வரிசையாக வாயால் சொல்லிக்கொண்டே செய்தான். குவேனுக்கு அங்கேதான் விடை கிடைத்தது. ஒரு வேலையைச் சின்னச் சின்னச் செயல்களாகப் பிரித்து, செய்துகொண்டே சொல்ல வைப்பது. இதைத் தொடர்முறை என்பார்கள். 1880-இல் நூலாக எழுதினார். இரண்டு வருஷம் கழித்து ஜெர்மனியிலேயே வில்ஹெல்ம் ஃபியேடோர் என்பவர், மொழிப்பாடம் திசை திரும்ப வேண்டும் என்று சிறு நூல் வெளியிட்டார். மனப்பாட முறை மேல் அலுப்பு அங்கும் இருந்திருக்கிறது.

இந்த முறையில் இலக்கணம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். ஒரு மாணவன் எழுந்து கதவை நோக்கிப் போகிறான். "இஹ் கேஹெ" (போகிறேன்) என்று அவன் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவன் அவனைப் பார்த்து "டு கேஹ்ஸ்ட்" (போகிறாய்) என்பான். மற்றவர்கள் "எர் கேஹ்ட்" (போகிறான்) என்பார்கள். அட்டவணை முழுதும் வகுப்பில் நடந்துவிட்டது! கதவைத் திறக்கும்போது "இஹ் மாஹெ டீ ட்யூர் அவுஃப்". 'அவுஃப்மாஹென்' என்ற ஒரே சொல் இரண்டாக உடைந்து, முன்பாதி வாக்கியத்தின் கடைசிக்குப் போகிறது. விதியாகப் படித்தால் தலை சுற்றும். பத்துத் தடவை கதவைத் திறந்தால் தானாக வரும். ஆளுக்கு ஏற்ப வினைமுற்று மாறுவது ஆங்கிலேயனுக்குத்தான் புதுசு, நமக்கு இல்லை. இதை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது, "அட, ஆமா தாத்தா!" என்றாள்.

உங்களில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு நினைவிருக்கும், ஆங்கிலப் பாடத்தில் கதவை எத்தனை முறை திறந்து மூடினோம் என்று. ஆசிரியர் பயிற்சியில் நேர்முறை பற்றிப் படித்ததிலிருந்து எடுத்துக்கொண்டது அது.

குவேன் முறையிலும் குறை உண்டு. கதவைத் திறப்பதை நடிக்கலாம். 'உரிமை', 'சந்தேகம்' இவற்றை எப்படி நடிப்பது? அறுபது பேர் வகுப்பில் ஒரே கதவு என்றால் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். அட்டவணையைத் தூக்கி எறியச் சொல்லவும் எனக்கு மனமில்லை. தேர்வில் அதையும் கேட்பார்கள். அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: காலையில் டீ போடும்போது அடுப்புப் பற்றவைப்பதிலிருந்து டம்ளரில் ஊற்றுவது வரை ஒவ்வொன்றையும் ஜெர்மனில் வாய்விட்டுச் சொல். அம்மா பக்கத்தில் இருந்தால், அவள் செய்வதையும் சொல். நேற்று அவள் அம்மா போன் பண்ணி, "சித்தப்பா, காலைல அடுப்படியில ஒரே ஜெர்மன் சத்தம்" என்றாள்.