நல்லது என்று பெயர் வைத்தவர்கள்

திண்டிவனத்தில் இறங்கி, “கிடங்கல் எங்கங்க?” என்று கேட்டால் யாரும் வழி சொல்லிவிடுவார்கள். இன்று அது நகரத்தோடு ஒட்டிய ஒரு பகுதி. சங்க காலத்தில் அதன் பெயர் கிடங்கில், ஓய்மா நாட்டின் தலைநகர். அங்கிருந்து ஆண்ட நல்லியக்கோடன்மீது இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடியதுதான் சிறுபாணாற்றுப்படை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இலக்கியப் பெருமை பேச வேறு அதிகம் கிடையாது என்பதால் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பாட்டில் எனக்குப் பிடித்த இடம் நல்லியக்கோடனைப் பற்றியது அல்ல. வள்ளல்கள் எழுவரை வரிசையாகச் சொல்லிவரும்போது ஆய் வருகிறான். நாகம் ஒன்று தனக்குத் தந்த நீல ஆடையை, ஆலமரத்தடிக் கடவுளுக்குக் கொடுத்தவன் அவன். பாம்பு எதற்காக ஒருவனுக்குத் துணி தர வேண்டும்? புலவர் விளக்கவில்லை. கேட்டவர்களுக்கு முன்பே தெரிந்த கதையாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் பாம்பையும் துணியையும் சேர்த்து யோசித்தது அவர் மட்டுமல்ல. பொருநராற்றுப்படையில் மெல்லிய துணிக்குப் பாம்புச் சட்டைதான் உவமை. வரப்பில் கிடக்கும் பாம்புச் சட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு சரியான உவமை என்று தெரியும். காற்று பட்டாலே ஆடும். செதில் செதிலாக நெய்த மாதிரி இருக்கும். கண்ணை மூடியிருந்த கண்ணாடி போன்ற சவ்வுகூட அதிலேயே கழன்று வந்திருக்கும். குனிந்து பார்த்த ஒருவர் சொன்ன உவமை அது.

சங்கப் பாடல்களில் பாம்பு வரும் இன்னொரு இடம் இடி. இடி இடித்தால் பாம்பு நடுங்கும், தலை துணிந்து சாகும் என்று திரும்பத் திரும்ப வருகிறது. இயற்கையில் இடிச் சத்தம் பாம்பைக் கொல்வதில்லை. பாம்புக்கு வெளிக்காது கிடையாது, தரையின் அதிர்வு தாடை எலும்பு வழியாக உள்காதுக்குப் போகிறது. ஆனால் இடியையும் பாம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததில் ஒரு அனுபவம் இருக்கிறது. மழை வந்தால் வளைக்குள் தண்ணீர் இறங்கும், எலியும் தவளையும் வெளியே வரும், பின்னாலேயே பாம்பும் வரும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்கு ஏறக்குறைய 58,000 பேர். இதில் பாதிச் சாவுகள் ஜூன் முதல் செப்டம்பர் வரையான மழை மாதங்களில் நடந்தவை. இடியைக் கேட்டதும் பாம்பை நினைத்த அந்தப் பழைய மனசு ஒன்றும் வெறும் கற்பனை மனசு அல்ல.

*

எங்கள் ஆயா இருட்டிய பிறகு ‘பாம்பு’ என்ற சொல்லை வாயில் எடுக்காது. “அந்தப் பக்கம் போவாத, பூச்சி பொட்டு கெடக்கும்” என்றுதான் சொல்லும். பகலில் என்றால் ‘நல்லது’. உலகத்தில் எத்தனையோ மொழிகளில் பயப்படும் விலங்குக்கு மாற்றுப்பெயர் உண்டு. ஆனால் கடித்தால் ஆளைக் கொல்லும் ஒன்றுக்கு ‘நல்லபாம்பு’ என்று பெயர் வைத்து, அதையே அதன் நிரந்தரப் பெயராகவும் ஆக்கியது நம்முடைய சாமர்த்தியம். இதில் மரியாதை எவ்வளவு, தாஜா எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே இந்த மரியாதையின் பல வடிவங்களைப் பார்த்துவிடலாம். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் புற்றைக் கும்பிடுகிறார்கள். திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையில் மேல்சித்தாமூர் இருக்கிறது, தமிழ்ச் சமணர்களின் மடம் உள்ள ஊர். அங்கே பார்சுவநாதருக்குக் கோயில். தவத்தில் இருந்தவர்மேல் பகைவன் பெருமழையை ஏவியபோது நாகம் படம் விரித்துக் குடையாக நின்றது என்பது அவர் கதை. மழைக்கு வெளியே வந்து கடிக்கிற பாம்பு இங்கே மழையைத் தடுக்கிறது. ஏரிக்கரைகளில் அரசும் வேம்பும் பின்னிய மரத்தடியில் இரண்டு பாம்புகள் முறுக்கிக்கொண்ட நாகக்கல். குழந்தை வேண்டிப் பெண்கள் நட்டவை அவற்றில் நிறைய.

கரையான் கட்டிய புற்றில் பாம்பு குடிபுகும் என்று பழமொழி சொல்லும் அதே ஊர்தான் புற்றுக்குப் பால் ஊற்றுகிறது. பாம்புக்குப் பால் உணவு அல்ல, அது நமக்கும் தெரியும். வணங்குகிற பாம்பு கல்லில் இருக்கிறது, கடிக்கிற பாம்பு கழனியில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர். கல்லுக்கு மஞ்சள் பூசிவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில் நிஜப் பாம்பைப் பார்த்தால் தடியைத் தேடுவோம்.

இந்தச் சுவர் இல்லாத ஒரு சமூகம் எங்கள் ஊரிலேயே, ஏரிக்கு அந்தப் பக்கம் குடிசை போட்டு இருந்தது. இருளர்கள்.

*

இருளர்களின் தெய்வம் கன்னியம்மா. மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் வட மாவட்டத்து இருளர்கள் கூடி மணலில் அவளைக் கும்பிடுவார்கள். நாகமும் அவளும் அவர்களுக்கு வேறு வேறு அல்ல. அந்த நாகத்தைத்தான் அவர்கள் கையால் பிடிக்கவும் செய்தார்கள். கும்பிடுவதற்கும் பிடிப்பதற்கும் முரண்பாடு இருப்பதாக அவர்களுக்குத் தோன்றியதில்லை.

அவர்கள் கையில் இருக்கும் முக்கியமான கருவி கடப்பாரை. எலி வளையைத் தோண்டினால் எலி கிடைக்கும், எலி பதுக்கிய நெல் கிடைக்கும், சில சமயம் எலியைத் தேடி வந்த பாம்பும் கிடைக்கும். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் பெண்கள் இரும்புப் பூண் போட்ட கோலால் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி எடுத்து வந்து குத்தும் காட்சி ஒன்று உண்டு. எயினர்தான் இருளர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கோலையும் இந்தக் கடப்பாரையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இந்த அறிவுக்கு வந்த விலை பாம்புத் தோலின் விலை. வியாபாரிகள் வாங்கினார்கள், வெளிநாட்டுக்குப் போனது, கைப்பையும் செருப்பும் ஆனது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1976இல் தோல் ஏற்றுமதிக்குத் தடை. தேவையான சட்டங்கள்தான். ஆனால் தலைமுறைகளாகச் செய்த ஒரே தொழில் அவர்களுக்கு ஒரே நாளில் குற்றமாகிவிட்டது. ரோமுலஸ் விட்டேகரும் சில இருளர்களும் சேர்ந்து 1978இல் ஒரு கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இன்றும் இயங்குகிறது. பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுப்பது. பிடித்த பாம்பை மண்பானையில் வைத்து, மூன்று நான்கு வாரத்துக்குள் நான்கு முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, திரும்பக் காட்டில் விடுவார்கள். அடையாளம் இருக்கும் பாம்பு மறுபடி சிக்கினால் உடனே விட்டுவிடலாம்.

எடுக்கும் விஷம் நான்கு வகைப் பாம்புகளுடையது: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். முதல் இரண்டின் விஷம் நரம்பைத் தாக்கும். இமை சரியும், நாக்கு குழறும், கடைசியில் மூச்சுத் தசை நின்றுபோகும். கண்ணாடி விரியன் கடித்தால் இரத்தம் உறையாது, சிறுநீரகம் கெடும். ஒரு கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பது இன்றும் மருத்துவமனைகளில் செய்யும் எளிய சோதனை. உறையாமல் வழிந்தால் விரியன் கடியாக இருக்கலாம்.

நான்கில் மோசமானது கட்டுவிரியன். இரவில் திரியும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலியே தெரியாமல் போகலாம். எங்கள் தெருவில் ஓர் அக்கா விடியற்காலையில் எழுந்து “வயித்த வலிக்குதும்மா, கண்ணத் தொறக்க முடில” என்றது. பேய் அடித்திருக்கும் என்று மந்திரிக்கக் கூட்டிப் போனார்கள். கடிவாயே தெரியாதபோது யாரைக் குற்றம் சொல்வது? ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. மதியம் பாடையில் திரும்பி வந்தது. அந்த வீட்டில் கட்டில் கிடையாது. ஒரு கட்டிலும் கொசுவலையும் இருந்திருந்தால் அநேகமாகப் போதும்.

*

விஷமுறிவு மருந்தின் கதையும் மழையில்தான் தொடங்குகிறது. 1891இல் வியட்நாமில் வெள்ளம் வந்து நாகங்கள் ஊருக்குள் புகுந்து பலரைக் கடித்தன. சைகோனில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட் அந்த விஷத்தில் ஆராய்ச்சி தொடங்கினார். விஷத்தைச் சிறுகச் சிறுக விலங்குக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கும் முறை 1895 வாக்கில் மனிதர்களுக்குப் பயன்படத் தொடங்கியது. எல்லாப் பாம்புக்கும் ஒரே மருந்து போதும் என்று அவர் நம்பினார். நாக விஷத்தின் மருந்து கண்ணாடி விரியன் விஷத்தில் பலிக்காது என்று இந்தியாவில் ஜார்ஜ் லாம்ப் சில ஆண்டுகளிலேயே காட்டிவிட்டார்.

அந்தப் பாடம் இன்னும் முடியவில்லை. ஒரே இனப் பாம்பின் விஷம்கூட வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது. இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கு விஷம் பெரும்பாலும் இந்த இருளர் சங்கத்திலிருந்தே போனது. ராஜஸ்தானில் கடிபட்டவருக்கும் வங்காளத்தில் கடிபட்டவருக்கும் தமிழ்நாட்டின் வட மூலையில் பிடித்த பாம்பின் விஷத்தால் செய்த மருந்துதான் ஏறுகிறது. சில இடங்களில் அது முழுதாக வேலை செய்யவில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. குறை மருந்தில் இருக்கிறது, சரி. ஆனால் ஒரு நாடே சில நூறு இருளர் குடும்பங்களின் கையை நம்பி உட்கார்ந்திருந்தது என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க மாசி சடையனும் வடிவேல் கோபாலும் போனார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

எங்கள் பக்கத்தில் கதை வேறு. ‘ஜெய் பீம்’ பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். பாம்பு பிடிக்க வரச்சொல்லி ஊர்ப் பெரிய வீட்டுக்குள் ராசாக்கண்ணுவைக் கூப்பிடுகிறார்கள். பிறகு அந்த வீட்டில் நகை காணாமல் போனதும் போலீஸ் அவனைத் தேடுகிறது. படத்துக்கு அடிப்படையான வழக்கில் இறந்தவர் இருளர் அல்ல, குறவர். ஆனால் அந்தக் காட்சி எங்கள் மாவட்டத்து இருளர்களுக்குப் புதிதல்ல. 1993இல் விழுப்புரம் பக்கத்து அத்தியூரில் புதுச்சேரி போலீசார் ஓர் இருளர் பெண்ணுக்குச் செய்த கொடுமைக்குப் பிறகுதான் திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் உருவானது. சாதிச் சான்றிதழ், பொய் வழக்கு, செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமை. அந்தச் சங்கத்தின் வேலை இவற்றோடுதான்.

வடநெம்மேலி சங்கத்தின் உறுப்பினர்கள் பெரும்பாலும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்தவர்கள். அச்சிறுபாக்கத்தைத் தாண்டித் தெற்கே வந்தால் அதே அறிவு இருக்கிறது, உரிமம் இல்லை. திண்டிவனம் பக்கத்தில் ஒரு இருளர் பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். தடத்தைப் பார்த்தே இன்ன பாம்பு, எப்போது போனது என்று சொல்வார் என்று ஊரில் பேச்சு. “நீங்க இப்பவும் புடிக்கிறீங்களா தாத்தா?” என்றேன்.

“இன்னாத்துக்கு? புடிச்சா கேசு. உடச்சொல்லிக் கூப்புடுவாங்க, உட்டுட்டு வருவேன். காசு குடுத்தா குடுப்பாங்க.”

“பசங்களுக்குச் சொல்லித் தந்தீங்களா?”

“அவன் சூளைக்குப் பூட்டான்.”

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இனி எந்த ஒன்றியத்தில், எந்த மாதத்தில், எத்தனை பேர் கடிபட்டார்கள் என்ற கணக்கு வரத் தொடங்கும். எங்கள் தெரு அக்காவைப் போல ‘பேய் அடித்து’ செத்தவர்கள் அதில் வருவார்களா என்பது வேறு விஷயம். பாம்பு மிகுந்த ஒன்றியம் எது என்று கணக்கு வந்த பிறகு, அந்தப் பாம்பைத் தேடிப் பிடிக்க ஆள் வேண்டுமே. அதற்குள் சூளைக்குப் போனவன் எத்தனை பாம்பை மறந்திருப்பான் என்றுதான் எனக்குக் கவலை.