குரோம்பேட்டைத் தோலும் குழந்தையின் காயமும்: மாற்றுத்தோல் வரலாற்றில் தென்சென்னை

முன்னுரை

வண்டிச் சக்கரம் ஏறிக் காலின் தோல் உரிந்த குழந்தைக்குத் தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்து ஒட்டுவது நெடுநாள் வழக்கம். ஆனால் குழந்தையின் சிற்றுடலில் தோல் எடுப்பதற்கான இடம் குறைவு. போதிய உட்தோல் இல்லாத ஒட்டு சுருங்கும். எலும்பு வளரும் அளவிற்கு அது நீள்வதில்லை. அதனால் மூட்டு மடங்கிப்போகலாம். இக்குறையை நீக்க எழுந்தவற்றுள் ஒன்று மாற்றுத்தோல். அதன் வரலாறு மருத்துவத்திற்கு மட்டும் உரியதன்று, தோல் பதனிடும் தொழிலறிவோடும் உறவுடையது என்பதை இக்கட்டுரை தென்சென்னையை முன்வைத்து விளக்குகிறது.

பதனிடுதலும் கொலாஜனும்

தாம்பரத்திற்கு வடக்கிலுள்ள குரோம்பேட்டை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் என்பவர் நிறுவிய குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்றது. குரோமிய உப்பு, தோலிலுள்ள கொலாஜன் என்னும் புரத இழைகளைக் குறுக்காகப் பிணைத்து அழுகாமல் காக்கிறது. 1948இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியபின் இத்தொழிலறிவு ஆய்வுக்கூடத்தில் வேரூன்றியது. அந்நிறுவனம் அளித்த கங்காரு வால் தசைநாணை ஆராய்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்தாவும் 1954இல் கொலாஜனின் முப்புரி அமைப்பை முன்மொழிந்தனர்.

காயத்தை மூடும் கொலாஜன்

அமெரிக்காவில் யானாஸ், பர்க் ஆகியோர் தீக்காயத்திற்கென உருவாக்கிய மாற்றுத்தோல் 1981இல் வெளிவந்தது. மாட்டுக் கொலாஜனும் சுறாக் குருத்தெலும்பிலிருந்து பெற்ற சர்க்கரைச் சேர்மமும் கலந்த நுண்துளைப் படலத்தின்மேல் சிலிக்கோன் போர்வை அமைந்தது. துளைகளுக்குள் நோயாளியின் உயிரணுக்களும் குருதிக் குழல்களும் வளர்ந்து உட்தோல் உருவாகும். ஏறத்தாழ 3 வாரங்களில் போர்வையை நீக்கி மிக மெல்லிய ஒட்டு வைக்கப்படும். பின்னர் இம்முறை கை, கால் காயங்களுக்கும் விரிந்தது. அடையாற்று நிறுவனமும் காயத்தை மூடும் கொலாஜன் படலங்களை உருவாக்கியது. ஆயினும் அவை பெரிதும் தற்காலிக மூடிகளே. உட்தோலை வளர்க்கும் சட்டகத்தோடு அவற்றை ஒன்றாகக் கருதலாகாது.

இரு துறைகளின் வினா

இரு துறைகளும் எதிர்கொண்டது ஒரே வினா: கொலாஜன் இழைகளை எவ்வளவு இறுகப் பிணைப்பது? பதனிடுவோர் தோல் என்றும் சிதையாதிருக்க விரும்பினர். மருத்துவரோ, புதிய திசு வளரும் வேகத்திற்கேற்ப அது மெல்லக் கரைய வேண்டினர். விரைந்து கரைந்தால் காயம் திறக்கும். கரையாவிடில் அது உடலில் அயற்பொருளாகவே தங்கும்.

முடிவுரை

மாற்றுத்தோல் எல்லாக் காயத்திற்கும் தீர்வன்று. இறந்த திசுவை அகற்றித் தொற்றை அடக்கிய பின்னரே அது பயன்படும். எலும்பு பரந்து வெளிப்பட்டால் குருதியோட்டமுள்ள தசைமடலே தேவைப்படலாம். எனினும், தோல் தொழிலைக் கழிவுநீர், ஏற்றுமதி ஆகியவற்றின் வரலாறாக மட்டும் எழுதினால், குழந்தையின் காலைக் காக்கும் அறிவுக்கும் அதற்குமுள்ள உறவு விடுபட்டுப்போகும். குரோம்பேட்டையிலிருந்து அடையாறு வரையிலான வரலாற்றை மருத்துவ வரலாற்றோடு இணைத்துப் பயில்வது இன்றியமையாதது.