சவரக்கத்தியும் பால்வெட்டுக் கத்தியும்

சிரம்பானிலிருந்து கோலாப்பிலா செல்லும் சாலையில், நகரை ஒட்டியே அமைந்துள்ளது அம்பாங்கான். அணையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லின் வழிவந்த பெயர் இது. இவ்வட்டாரம் உள்ளிட்ட நெகிரி செம்பிலான் தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கங்காணியையும் கள்ளுக்கடையையும் தமிழ்ப்பள்ளியையும் விரிவாகவே எழுதியுள்ளனர். ஆயின், லயத்து மரநிழலில் ஒரு பலகையும் தோல்வாரும் மடக்குக் கத்தியும் கொண்டு தொழில் நடத்திய சவரத் தொழிலாளியின் அறிவைப் பற்றி நாம் போதிய அளவு பேசியதில்லை. அவருடைய அறிவு சிறிதன்று. கூரிய இரும்பை மனிதத் தோலின்மீது ஓடவிட்டு, எரிச்சலும் காயமும் நேராமல் மீட்டெடுப்பது எளிய செயலா?

முதலில் அந்த இரும்பை நோக்குவோம். தமிழகத்தில் கொடுமணல், மேல்சிறுவளூர் போன்ற இடங்களில் மண்குகைகளிலிட்டு உருக்கு ஆக்கிய சான்றுகள் கிடைத்துள்ளன. ஐரோப்பியர் ‘வூட்சு’ என்றழைத்த இத்தென்னிந்திய உருக்கை, இலண்டனில் அறுவைக் கருவிகள் செய்துவந்த ஜேம்சு சுடோடார்ட் பெரிதும் மதித்தார். அவரோடு இணைந்து அவ்வுருக்கை ஆராய்ந்தவர் கொல்லர் ஒருவரின் மகனான மைக்கேல் பாரடே. இருவரும் 1820, 1822 ஆகிய ஆண்டுகளில் தம் ஆய்வுகளை வெளியிட்டனர். தாம் ஆக்கிய உலோகக் கலவையில் சவரக்கத்திகள் செய்து பாரடே நண்பர்களுக்குப் பரிசளித்தார் என்பது மின்னியலின் தந்தையாக மட்டுமே அவரை அறிந்த மாணவர்க்கு வியப்பூட்டலாம். 1830 அளவில் ஜோசையா மார்சல் ஹீத் என்பார் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். அங்கிருந்து இரும்பு செபீல்டு நகருக்குக் கப்பலேறியது. சவரக்கத்திக்குப் பெயர்பெற்ற ஊர் செபீல்டு. தமிழ்நிலத்து இரும்பு மேற்கே செல்ல, மேற்கின் கத்தி கிழக்கே வந்த காலம் அது.

கத்தி எங்கிருந்து வந்தாலும், அதைப் பழக்கும் முறை கையிலிருந்து கைக்கே வந்தது. பிரான்சு நாட்டில் கருவித் தொழில் வல்லுநரான ழான் ழாக் பெரே, ஒருவர் தமக்குத் தாமே மழித்துக்கொள்ளக் கற்பிக்கும் நூலை 1769-இல் வெளியிட்டார். தமிழரிடையே அத்தகைய தேவை அன்று எழவில்லை. முகத்தை மற்றொருவர் கையில் ஒப்படைப்பதே வழக்கமாக இருந்தது. ஆகவே நம் பாடநூல் ஏட்டில் இல்லை. தொழிலாளியின் விரலில் இருந்தது.

அவ்விரல் அறிந்தவை யாவை? மழித்தபின் தோல் சிவந்து எரிவதற்குக் கத்தியின் கூர்மை காரணம் என்று புதிதாகக் கற்பவர் எண்ணுவார். உண்மை இதற்கு மாறானது. மழுங்கிய கத்தியே மயிரை வெட்டாமல் இழுக்கிறது. இழுபட்டதும் கை தானாகவே அழுத்துகிறது. அழுத்தியதும் மேல்தோல் சுரண்டப்படுகிறது. எனவே தொழில் தொடங்குவது முகத்தில் அன்று, கல்லிலும் தோல்வாரிலும்தான். கல்லில் தீட்டும்போது கத்தியின் முனை முன்னே செல்ல வேண்டும். வாரில் இழுக்கும்போது முதுகு முன்னே செல்ல முனை பின்தொடர வேண்டும். மாற்றிச் செய்தால் வாரும் அறுபடும், முனையும் கெடும்.

அடுத்தது நீர். ஊறிய மயிர் மென்மையுறும். உலர்ந்த மயிர் கத்தியை எதிர்க்கும். வெந்நீர் ஒற்றிச் சவர்க்கார நுரையைச் சில நிமிடங்கள் தேய்க்கும் பொறுமை வீண்செலவன்று. பின்னர் இடக்கை தோலை இழுத்துப் பிடிக்க, வலக்கைக் கத்தி ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில், தன் எடையாலேயே இறங்க வேண்டும். சாய்வு மிகுந்தால் தோலைக் கீறும். குறைந்தால் மயிரை இழுக்கும். மயிர் படிந்த போக்கிலேயே முதலில் வழிக்க வேண்டும். தாடைக்குக் கீழே அப்போக்கு ஆளுக்கு ஆள் மாறுவதால், தேர்ந்தவர் விரலால் தடவிப் பார்த்தே கத்தியை வைப்பார். நுரை நீங்கிய இடத்தில் கத்தியை மீண்டும் ஓட்டுவதும், மழமழப்பை விரும்பி எதிர்ப்போக்கில் வழிப்பதுமே புதியவரின் பெருந்தவறுகள். சுருள்மயிர் உடையவர்க்கு இவற்றால் வரும் துன்பம் அதிகம்: தோலுக்கும் கீழே வெட்டுண்ட மயிர் வளைந்து உள்ளேயே வளர்ந்து பருக்களாகப் புடைக்கும். முடிவில் குளிர்ந்த நீரும் படிகாரக் கட்டியும். படிகாரம் தோலைச் சுருங்கச் செய்து சிறு குருதிக் கசிவை நிறுத்தும். பத்துமலையில் தைப்பூசத்தன்று முடியிறக்கியவர் தலையில் சந்தனம் பூசுவதைக் காண்கிறோம். அதன் குளிர்ச்சியும் மழித்த தோலுக்கு ஆறுதலே.

இவற்றை ஒரு பால்மரத் தொழிலாளியிடம் சொன்னால் அவர் வியக்கமாட்டார். சிங்கப்பூர்ப் பூங்காவின் இரிட்லி 1890-களில் வகுத்த வெட்டுமுறையும் இத்தகையதே. மரப்பட்டையை மெல்லிய சீவலாகவே எடுக்க வேண்டும்; பட்டைக்கும் மரத்திற்கும் இடையிலுள்ள உயிர்ப்படலத்தைக் கத்தி தொட்டுவிட்டால் அவ்விடம் புடைத்து, மீண்டும் வெட்டுதற்கு ஏற்ற பட்டை வளராது. வெட்டுக்கோட்டின் சாய்வும் பெரும்பாலும் 30 பாகை என்பது தற்செயல்தான். எனினும் சுவையான தற்செயல். விடியலில் மரத்தின் தோலைக் காத்தவர், ஓய்வுநாளில் தம் தோலைக் காப்பவர்முன் அமர்ந்தார்.

ஆயினும் இரு தொழில்களுக்கும் கிடைத்த மதிப்பு ஒன்றன்று. திருக்குறளின் ‘கூடாவொழுக்கம்’ அதிகாரத்தில் ‘மழித்தல்’ என்னும் சொல் இழிவேதுமின்றி நிற்கிறது. ‘சிரைத்தல்’ என்பதும் அதனை ஒத்த தூய வினைச்சொல்லே. இன்று அதனை வசைமொழியாக அன்றிக் கேட்பது அரிது. சொல் தானாக இழிவதில்லை. செய்பவனை இழிவாக நோக்கிய சாதிக்கண்ணே அதனை இழித்தது. குடும்பத்தில் ஆண் காயங்களுக்கு மருந்திட, பெண் மகப்பேறு பார்க்க, ‘மருத்துவர்’ எனவும் ‘மருத்துவச்சி’ எனவும் வழங்கப்பெற்ற மக்கள் இவர்கள். அதே சாதிமுறை இவர்களைக் கொண்டே பிறரையும் ஒதுக்கியது; ஊர்க்கட்டுப்பாட்டுக்கு அஞ்சி ஒடுக்கப்பட்டோர்க்குச் சவரம் மறுக்கப்பட்டது. 1948-இல் இந்திய அரசியல் நிருணய அவையில், ‘கடை’ என்னும் சொல் சவரக்கடையையும் உள்ளடக்குமா என்ற வினா எழுந்தது. நாடிவருவோர்க்குச் சேவை வழங்கும் இடம் அனைத்தும் கடையே என அம்பேத்கர் விளக்க வேண்டியிருந்தது. ஒரு மனிதன் முகம் மழித்துக்கொள்வது அரசியலமைப்பு வினாவாக இருந்த சமூகத்திலிருந்தே நம் முன்னோர் கப்பலேறினர் என்பதை மாணவர் மறத்தலாகாது.

ஜில்லெட் 1904-இல் காப்புரிமை பெற்ற மாற்றுத் தகட்டுக் கத்தி பரவியபின் ஆண்கள் தாமே மழித்துக்கொள்ளத் தொடங்கினர். குருதிவழி நோய்கள் பற்றிய அச்சம், கடைகளிலிருந்தும் பழைய கத்தியை அகற்றியது. மலேசியாவில் 2009 முதல் முடிதிருத்தும் துறைக்கு வெளிநாட்டுத் தொழிலாளரை எடுப்பது முடக்கப்பட்டிருந்தது. துணி, நகைத் துறைகளையும் சேர்த்து மூன்றுக்குமாக 7,500 பேருக்கு 2023-இல் இசைவு அறிவிக்கப்பட்டது. உள்ளூர் இளைஞர் இத்தொழிலை நாடாமைக்குக் கூலி ஒரு காரணம் எனலாம். மேலே கூறிய வசைச்சொல்லும் ஒரு காரணம் என்பது நம் கருத்து.

இன்றைய கடையில் தோல்வாருக்கு வேலையில்லை. இருமுனைத் தகட்டை உறையோடு இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைப் பிடியில் செருகி, ஒருவர்க்கு ஒன்றாகப் பயன்படுத்தி எறிகின்றனர். தீட்டும் கலை அவ்வளவில் நின்றது. ஆனால் சாய்வும், தோலை இழுத்துப் பிடிக்கும் இடக்கையும், தாடைக்கீழ் போக்கைத் தேடும் விரலும் அப்பாதித் தகட்டுக்கும் வேண்டியவையே. அவற்றைப் புதியவர் இன்றும் பழையவரின் அருகில் நின்று, கண்ணால் பார்த்தே கற்கிறார்.