ஸ்காலர்ஷிப் ஃபார்மில் ‘லீடர்ஷிப்’ கேள்வியைச் சேர்த்தது யார்?

போன மாசம் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு அக்கா பொண்ணு போன் பண்ணினாள். அமெரிக்காவில் ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணிக்கிட்டு இருக்கிறாள். அட்மிஷன் ஃபார்ம் முடிஞ்சுது. அதுக்கு மேல ஹானர்ஸ் காலேஜுக்குன்னு தனி ஃபார்ம், மெரிட் ஸ்காலர்ஷிப்புக்கும் அதே ஃபார்ம்தான். அதில் ஒரு கேள்வி: நீங்கள் தலைமை தாங்கிய ஒரு சந்தர்ப்பத்தைப் பற்றி எழுதுக.

“சித்தி, நான் கிளாஸ் லீடரா கூட இருந்தது இல்லையே. மெரிட்னா மார்க்குதானே? இதையெல்லாம் ஏன் கேக்கறாங்க?”

அன்னிக்கு நான் சொன்ன பதில், “ஏதாவது எழுதிட்டுப் போய்த் தூங்குடி.” ஆனா கேள்வி என்னை விடல. தேடிப் போனா, அது நூற்றி இருபது வருஷத்துக்கு முன்னாடி எழுதின ஒரு உயிலில் போய் நிக்குது. அதுதான் இன்னிக்கு எபிசோட்.

முதல்ல ரெண்டு வார்த்தையைத் தெளிவு பண்ணிடலாம். ஹானர்ஸ் புரோகிராம்னா, ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயே நல்லாப் படிக்கிற கொஞ்சம் பேருக்கு மட்டும் சின்னச் சின்ன வகுப்புகள், கடைசியில் ஒரு ஆய்வேடு. மெரிட் ஸ்காலர்ஷிப்னா, வீட்டு வருமானத்தைப் பார்க்காம திறமையைப் பார்த்துக் கொடுக்கிற பணம். இந்த ரெண்டும் அமெரிக்காவுக்கு வந்த வழியில் பெரிய பங்கு ஆக்ஸ்ஃபோர்டுக்கு இருக்கு.

1902-ல் சிசில் ரோட்ஸ் இறந்துபோனார். தென்னாப்பிரிக்க வைரச் சுரங்கங்களில் சம்பாதித்தவர், டி பியர்ஸ் கம்பெனியை உருவாக்கியவர், கேப் காலனியின் பிரதமராக இருந்தவர். கறுப்பின மக்களின் ஓட்டுரிமையையும் நில உரிமையையும் குறுக்கும் சட்டங்கள் அவர் ஆட்சியில் வந்தன. அவர் பெயரில் ஒரு நாடே இருந்தது, ரொடீஷியா. இன்னிக்கு அது ஜிம்பாப்வே. அந்த மனிதர் தன் உயிலில் ஒரு உதவித்தொகையை ஏற்படுத்தினார். பிரிட்டிஷ் காலனிகளிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் இளைஞர்களை ஆக்ஸ்ஃபோர்டுக்கு வரவழைத்துப் படிக்கவைக்க வேண்டும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்றும் உயிலிலேயே சொல்லிவிட்டார். வெறும் புத்தகப் புழுக்கள் வேண்டாம். படிப்பு இருக்கணும். அதோட ஆண்மைக்குரிய வெளிவிளையாட்டுகளில் ஆர்வமும் வெற்றியும், வீரம், கடமையுணர்வு போன்ற குணங்கள், பள்ளி நாட்களிலேயே தெரிகிற தலைமைப் பண்பு. இத்தனைக்கும் தனித்தனியா மதிப்பெண் வேற பிரிச்சுக் கொடுத்திருந்தார். அதில் படிப்புக்குப் பாதிகூடக் கிடையாது!

நல்லாத்தானே இருக்கு, முழு மனுஷனைப் பார்க்கிறாங்களேன்னு தோணும். ஆனா அவர் தேடியது யாரைன்னு யோசிச்சுப் பாருங்க. நாளைக்குப் பேரரசை நடத்தப்போகிற பையன்களை. ஜில்லா கலெக்டரா, கவர்னரா போகப்போகிறவனுக்கு மார்க் மட்டும் போதாது, கிரிக்கெட் டீமை நடத்தத் தெரியணும். அக்கா பொண்ணு ஃபார்மில் இருக்கிற அந்தக் கேள்விக்கு மூதாதை இதுதான். ‘ஆண்மை’ங்கிற வார்த்தையும் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. ரோட்ஸ் ஸ்காலர்ஷிப்பில் பெண்கள் உள்ளே வந்தது 1977-ல்தான்.

அதே உயிலில் இன்னொரு வரியும் இருந்தது. இனத்தையோ மதத்தையோ காரணம் காட்டி யாரையும் விலக்கக் கூடாது. 1907-ல் பென்சில்வேனியா மாநிலம் அலெய்ன் லாக் என்ற ஹார்வர்டு பட்டதாரியைத் தேர்ந்தெடுத்தது. அவர்தான் முதல் கறுப்பின ரோட்ஸ் ஸ்காலர். ஸ்காலர்ஷிப் கிடைத்தாச்சு, ஆனால் ஆக்ஸ்ஃபோர்டில் சேர ஒரு கல்லூரி இடம் கொடுக்கணுமே. பல கல்லூரிகள் கையை விரித்தன. கடைசியில் ஹெர்ட்ஃபோர்டு கல்லூரி சேர்த்துக்கொண்டது. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து வந்த ரோட்ஸ் மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அங்கே இருந்த அமெரிக்க மாணவர்கள் நடத்திய விருந்துக்கும் அவரைச் சேர்க்கவில்லை. லாக் பின்னாளில் ஹார்லெம் மறுமலர்ச்சியின் முக்கியமான சிந்தனையாளர் ஆனார். அவருக்கு அடுத்து ஒரு கறுப்பின அமெரிக்கருக்கு ரோட்ஸ் கிடைக்க 1960-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உயிலில் அந்த வரி அப்படியேதான் இருந்தது.

சரி, ஹானர்ஸுக்கு வருவோம். லாக்குக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1905-ல், இந்தியானா மாநிலத்திலிருந்து ஒரு ரோட்ஸ் மாணவர் ஆக்ஸ்ஃபோர்டு போனார். ஃபிராங்க் ஐடெலாட். சல்லிவன் என்கிற சின்ன ஊர்க்காரர். அங்கே அவர் பார்த்தது, பட்டத்திலேயே ரெண்டு வகை. ஒன்று சாதாரண பாஸ் டிகிரி, இன்னொன்று ஹானர்ஸ் டிகிரி. (இது நமக்கும் புதுசு இல்லை. அதே ஆங்கிலேய வழக்கம்தான் மெட்ராஸுக்கும் வந்தது. பச்சையப்பன் கல்லூரியில் அண்ணா படித்ததும் பி.ஏ. ஆனர்ஸ்தான்.) ஹானர்ஸ் மாணவனுக்கு அட்டென்டன்ஸ் தொல்லை இல்லை. வாராவாரம் கட்டுரை எழுதி ஆசிரியர் எதிரே உட்கார்ந்து வாதாடணும், கடைசியில் ஒரு பெரிய தேர்வு.

1921-ல் ஐடெலாட், ஃபிலடெல்ஃபியா பக்கத்தில் ஸ்வார்த்மோர் என்கிற சின்னக் கல்லூரிக்குத் தலைவர் ஆனார். அடுத்த வருஷமே ஹானர்ஸை ஆரம்பித்துவிட்டார். கடைசி ரெண்டு வருஷம் லெக்சர் கிடையாது. நாலைந்து பேர் உட்காரும் செமினார், அதில் அவங்கவங்க எழுதின கட்டுரையை வாசிச்சு விவாதிக்கிறது. தேர்வு? அங்கேதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். சொந்த ஆசிரியர் மார்க் போடக் கூடாது, வெளியூர்ப் பேராசிரியர்கள் வந்து எழுத்துத் தேர்வும் நேர்முகமும் நடத்துவார்கள். நம்ம ஊர் பிளஸ் டூ பிராக்டிகலுக்கு எக்ஸ்டர்னல் வருவாரே, அது மாதிரி. அன்னிக்கு மட்டும் நம்ம டீச்சர் நம்ம பக்கம் நிப்பாங்க, கவனிச்சிருக்கீங்களா? ஐடெலாட்டுக்கு வேண்டியதும் அதுதான். மார்க் போடுகிறவர், மார்க் கெஞ்சுகிறவர் என்ற உறவு போய், ரெண்டு பேரும் ஒரே அணியில் வந்துவிடுகிறார்கள். ஸ்வார்த்மோரில் இந்த முறை இன்னிக்கும் இருக்கு.

எல்லா மாணவர்களையும் ஒரே தாளத்தில் கால் வைத்து நடக்கிற அணிவகுப்பு மாதிரி நடத்துகிறார்கள் என்பதுதான் அமெரிக்கக் கல்லூரிகள் மேல் அவருக்கு இருந்த குறை. இது மேட்டுக்குடி வேலை, ஜனநாயகத்துக்கு விரோதம் என்று அவரைத் திட்டினவர்களும் உண்டு. எனக்கு ரெண்டு பக்கமும் நியாயம் தெரியுது. நாலு பேருக்கு ஒரு ஆசிரியர் என்பது செலவு பிடிக்கிற விஷயம். ராக்ஃபெல்லர் பணத்தில் நடந்த அறக்கட்டளை உதவி இல்லாம அது ஓடியிருக்காது. ஆனா அந்த வாசலில் நுழைந்தவர்களில் ஜேம்ஸ் மிச்னரும் ஒருத்தர். பெற்றோர் யாரென்றே தெரியாமல் வளர்ப்புத் தாயிடம் வளர்ந்த பையன், 1929-ல் ஸ்வார்த்மோரில் உயர்ந்த சிறப்போடு பட்டம் வாங்கினார். பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியராகி, அந்தக் கல்லூரிக்கே பல மில்லியன் டாலர் கொடுத்தார்.

இதே 1922-ல் ஹார்வர்டில் வேற ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. மார்க்கை மட்டும் பார்த்துச் சேர்த்ததில் யூத மாணவர்கள் எண்ணிக்கை கூடிவிட்டது என்று அதன் தலைவர் லாரன்ஸ் லோவெலுக்குக் கவலை. வெளிப்படையாக ஒரு உச்சவரம்பு வைக்கப் பார்த்தார், பேராசிரியர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. விண்ணப்பத்தில் புதுக் கேள்விகள் முளைத்தன. அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன? உன் பெயரோ அப்பா பெயரோ எப்போதாவது மாற்றப்பட்டதா? அப்புறம் 1926 வாக்கில் ‘குணநலன்’ ஒரு தகுதி ஆனது. போட்டோ, சிபாரிசுக் கடிதம், நேர்முகம். யூத மாணவர்களின் பங்கு சரிந்தது. ‘குணம்’, ‘தலைமை’ என்றெல்லாம் அளக்க முடியாத ஒன்றை வைத்தால் யாரை வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் வெளியே நிறுத்தலாம். ரிசர்வேஷன் பத்தி நம்ம வீடுகளில் நடக்கிற சண்டையில் ‘மெரிட்’ங்கிற வார்த்தை அடிக்கடி வரும். அது எவ்வளவு வளையும்னு இந்த இடத்தில் தெரியும்.

1933-ல் ஹார்வர்டுக்குப் புதுத் தலைவர் வந்தார், ஜேம்ஸ் கொனன்ட். வேதியியல்காரர். ஹார்வர்டு பணக்கார வீட்டுப் பையன்களின் கிளப் ஆகிக்கிடக்கிறது என்பது அவர் எரிச்சல். அடுத்த வருஷமே ஹார்வர்டு நேஷனல் ஸ்காலர்ஷிப்பை ஆரம்பித்தார். மத்திய மேற்கு மாநிலங்களில் பேர் தெரியாத ஊர்களிலிருந்து புத்திசாலிப் பையன்களைத் தேடிப் பிடிக்கணும். பையன்களைத்தான், பெண்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. ஆனால் ஒவ்வொரு ஊர்ப் பள்ளியும் ஒவ்வொரு தரம். எப்படி ஒப்பிடுவது? தன் உதவியாளர்களான ஹென்றி சான்சி, வில்பர் பெண்டர் இருவரையும் தேடச் சொன்னார். அவர்கள் கொண்டு வந்தது எஸ்.ஏ.டி.

எஸ்.ஏ.டி.யை உருவாக்கியவர் பிரின்ஸ்டனின் கார்ல் பிரிகம். 1923-ல் இனவாரியாக அறிவைத் தரம் பிரித்து ஒரு புத்தகம் எழுதியவர். வெள்ளையர்களிலும் வட ஐரோப்பியர்களே உயர்ந்தவர்கள் என்று வாதாடியவர். அப்படிப்பட்டவர் 1930-ல், என் முடிவுகளுக்கு அடிப்படையே இல்லை என்று அச்சிலேயே ஒத்துக்கொண்டார். ஒரு ஆய்வாளர் இப்படி எழுதுவது லேசு இல்லை, அதுக்கு ஒரு சல்யூட். ஆனா அவர் கைவிட்ட நம்பிக்கையைக் கொனன்ட் புதுசா பிடிச்சுக்கிட்டார். பள்ளிக்கூடத்தின் தரமோ வீட்டுச் சூழலோ ஒட்டாத, சுத்தமான திறமையை ஒரு தேர்வால் எடுத்துவிட முடியும்!

முடிஞ்சுதா? ஒரு பையன் கதையைப் பாருங்க. ஜேம்ஸ் டோபின், இல்லினாய் மாநிலத்தில் ஷாம்பெயின் ஊர்க்காரர். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்திலேயே சேரப்போவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். 1935-ல் அப்பா நியூயார்க் டைம்ஸில் ஹார்வர்டு ஸ்காலர்ஷிப் செய்தியைப் பார்த்தார். கடைசி நேரத்தில், எந்தத் தயாரிப்பும் இல்லாமல் டோபின் தேர்வு எழுதினார். கிடைத்தது. 1981-ல் பொருளாதார நோபல் அவருக்கு.

கொனன்ட் திட்டத்துக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. பேர் தெரியாத ஊர்ப் பையன், டியூஷன் இல்லை, சிபாரிசு இல்லை. ஆனா அப்பா யாரு? இல்லினாய் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் விளம்பரப் பொறுப்பில் இருந்தவர். அம்மா சமூகசேவகர். பையன் படித்தது பல்கலைக்கழகமே நடத்திய பள்ளி. சோளக்காட்டு நடுவில் நியூயார்க் டைம்ஸ் வாசிக்கிற வீடு. டோபினின் மூளையை நான் குறைச்சுச் சொல்லல. அதே மாநிலத்தில் அதே மூளையோட, அந்தப் பேப்பர் வராத வீட்டில் எத்தனை பேர் இருந்தாங்கன்னு யாரும் எண்ணினது இல்லை.

அப்புறம் நடந்ததை வேகமாச் சொல்லிடறேன். சான்சி 1947-ல் இ.டி.எஸ். நிறுவனத்தின் முதல் தலைவர் ஆனார், எஸ்.ஏ.டி. நாடு முழுக்கப் பரவியது. ஹார்வர்டு உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகள் 1950-களில் மெரிட் ஸ்காலர்ஷிப்பைக் கைவிட்டு, குடும்பத்தின் தேவையைப் பார்த்து மட்டும் உதவி என்று மாறிக்கொண்டன. இன்னிக்கும் அப்படித்தான். ‘ஹார்வர்டு மெரிட் ஸ்காலர்ஷிப் வாங்கித் தரேன்’னு எந்த ஏஜென்டாவது சொன்னா எழுந்து வந்துடுங்க.

மெரிட் பணம் போய்ச் சேர்ந்த இடங்களில் முக்கியமானது மாநிலப் பல்கலைக்கழகங்கள். கொலராடோவில் ஜோசஃப் கோஹன் என்ற தத்துவப் பேராசிரியர், ஐடெலாட்டின் யோசனையைப் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றினார். 1957-ல் ஸ்புட்னிக் பறந்ததும், ரஷ்யாகிட்ட தோத்துடுவோமோங்கிற பயத்தில் ‘சிறந்த மாணவன்’ நாட்டுப் பிரச்சினை ஆயிட்டான். ஹானர்ஸ் புரோகிராம்கள் பெருகின. 1960-ல் ஓரிகான் பல்கலைக்கழகம் தனியாக ஹானர்ஸ் காலேஜே ஆரம்பித்தது. ஐவி லீக் போகக்கூடிய பிள்ளைகளை இழுக்க ஹானர்ஸும் மெரிட் பணமும் ஜோடியாகக் கிளம்பின.

ஜார்ஜியா மாநிலத்தின் ஹோப் ஸ்காலர்ஷிப் இதில் ரொம்ப வெளிப்படை. 1993-ல் தொடங்கியபோது குடும்ப வருமானம் 66,000 டாலருக்குள் இருக்கணும். ரெண்டே வருஷத்தில் வருமான வரம்பு மொத்தமாகப் போய்விட்டது. பணம் எங்கிருந்து வருது தெரியுமா? லாட்டரி. ஏழைகள் தங்கள் சக்திக்கு மீறி வாங்குகிற சீட்டுப் பணம், வசதியான வீட்டுப் பிள்ளைகளின் ஃபீஸாகப் போகிறது என்று பொருளாதார ஆய்வாளர்கள் விமர்சித்தார்கள். ஓட்டுப் போடுகிற நடுத்தர வர்க்கத்துக்கு அது பிடித்துப்போனது. பக்கத்து மாநிலங்களும் காப்பி அடித்தன.

அக்கா பொண்ணுகிட்ட இதையெல்லாம் ஒரு மணி நேரம் சொன்னேன். “அப்போ நான் ரோட்ஸுக்குத்தான் பதில் எழுதிக்கிட்டு இருக்கேனா?”ன்னு கேட்டாள். பாதி உண்மைதான், ஆனா இன்னிக்கு அந்தக் கட்டுரையை வாசிக்கப் போறது ரோட்ஸ் இல்லை, ஏதோ ஒரு ஆபீஸில் கட்டுக்கட்டா ஃபார்ம் பார்த்து அலுத்துப்போன ஒருத்தர்னு சொன்னேன். கடைசியில் அவள் எழுதியது அபார்ட்மென்ட் கதையை. அவங்க பிளாக்கில் தண்ணி லாரி வர்ற நேரத்துக்கு வாட்ஸ்அப்பில் டோக்கன் முறை கொண்டு வந்து, மூணாவது மாடி மாமாவோட சண்டை போட்டு, ஒரு கோடைகாலம் முழுக்க அதை நடத்தினது. என்கிட்ட முன்னாடி சொன்னதே இல்லை. அது ‘லீடர்ஷிப்’னு அவளுக்குத் தோணவே இல்லையாம்.

“சரி, இப்படி ஒரு ஸ்காலர்ஷிப் இருக்குன்னே உனக்கு எப்படிடி தெரிஞ்சுது?”ன்னு கேட்டேன்.

“அப்பா ஆபீஸ்ல ஒரு அங்கிள் சொன்னார். அவர் பையன் போன வருஷம் போனானே.”