மண்டலமும் இடைமுகமும்

பாய்வையும் வெப்பத்தையும் கணிக்கும் மென்பொருளில், ஒரே பொருள் நிறைந்த பகுதி மண்டலம். இரு மண்டலங்கள் தொடும் பரப்பு இடைமுகம். எடுத்துக்காட்டாக, சவூதி அரேபியாவில், செங்கடலோர யான்புவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் பலகட்டத் திடீர் ஆவியாக்கம் என்னும் முறை பயன்பட்டிருக்கிறது. அம்முறையின் ஒரு குழாயை எடுத்துக்கொள்வோம். உள்ளே கடல்நீர், வெளியே குளிர்ந்து நீராகும் ஆவி, நடுவே உலோகச் சுவர்: 3 மண்டலங்கள், 2 இடைமுகங்கள். இடைமுகத்தை அமைக்க மறந்தால், பல மென்பொருள்கள் அப்பரப்பை வெப்பம் கடத்தாச் சுவராகவே எடுத்துக்கொள்ளும். கணக்கு எச்சரிக்கையின்றி முடிந்துவிடலாம். விடை மட்டும் பொய். அதனால் இது அஞ்ச வேண்டிய தவறு. குழாயின் உட்புறம் படியும் மெல்லிய உப்புப் படிவத்தைத் தனி மண்டலமாக வரையத் தேவையில்லை. கடல்நீருக்கும் சுவருக்கும் இடையிலான இடைமுகத்திலேயே வெப்பத்தடையாகக் கொடுத்துவிடலாம்.