நோயுற்ற சிசுவும் வலீயின் அதிகாரமும்

தென்காசியிலோ குற்றாலத்தை அடுத்த சிற்றூர்களிலோ பிறக்கும் குறைமாதக் குழந்தையின் நிலை மிக மோசமானால், ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தொலைவிலுள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லச் சொல்வார்கள். செல்வதா, வீட்டுக்கே எடுத்துப்போவதா? தந்தையோ பாட்டனாரோ ஒரு தாளில் கையொப்பமிடுகிறார். அந்தக் கையொப்பத்திற்கு ஷரீஅத்தில் என்ன மதிப்பு?

கைரவான் நகரத்து மருத்துவர் இப்னுல் ஜஸ்ஸார் பத்தாம் நூற்றாண்டிலேயே குழந்தைப் பராமரிப்புக்கெனத் தனிநூல் யாத்தார். ஆயினும் செயற்கைச் சுவாசக் கருவி இல்லாத அக்காலத்தில், அதை நிறுத்தலாமா என்ற வினாவுக்கு இடமில்லை. ஃபிக்ஹு அறிஞர்கள் இதனை எதிர்கொண்டது அண்மையில்தான். மூளையின் இயக்கம் மீளாதபடி முற்றிலும் நின்றுவிட்டதென வல்லுநர்கள் முடிவு செய்தால் கருவியை அகற்றலாம் என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1986இல் அம்மானில் தீர்மானித்தது. ஆனால், நாம் பேசும் சிசுக்களில் பலருக்கு மூளை இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

எனவே 1992ஆம் ஆண்டின் ஜித்தா தீர்மானமே நமக்கு அதிகம் பயன்படுவது. வலீயின் மறுப்பு குழந்தைக்குத் தெளிவான தீங்கு விளைவிப்பதானால் அது செல்லாது. அதிகாரம் அடுத்த வலீக்கும், பின்னர் ஆட்சியாளருக்கும் செல்லும் என்கிறது அது. இதன் அருமையை உணர, 1982இல் அமெரிக்காவின் புளூமிங்டன் நகரில் நடந்ததை நோக்க வேண்டும். டவுன் நோய்க்குறியுடன் பிறந்த ஒரு சிசுவின் உணவுக்குழாய் அடைபட்டிருந்தது. அறுவை சிகிச்சையால் சீராக்கக்கூடிய குறைதான். பெற்றோர் மறுத்தனர், நீதிமன்றங்களும் தலையிடவில்லை. ஆறாம் நாள் குழந்தை இறந்தது. இதைச் சிகிச்சை பயனற்றுப்போன நிலையோடு ஒன்றாக எண்ணுவது பெரும்பிழை.

நம்பிக்கையற்ற நிலை எது என்பது அந்தந்தக் காலத்திலும் இடத்திலும் கிடைக்கும் மருத்துவ வசதியைப் பொறுத்தது என்றும் அதே தீர்மானம் கூறுகிறது. தென்காசியில் கைவிடப்படும் சிசு திருநெல்வேலியில் பிழைக்கக்கூடும். அப்படியானால் வழிச்செலவுக்கு அஞ்சி இடும் கையொப்பத்தை மருத்துவத் தீர்ப்பாகக் கொள்ள இயலாது. 108 ஆம்புலன்ஸ் கட்டணமற்றது என்பதைக் கூட அறியாத குடும்பங்கள் உண்டு. ஜமாஅத்தார் அதையாவது எடுத்துச் சொல்லலாம்.

இன்னொன்று. பால்குடியை இரண்டாண்டுக்கு முன்பே நிறுத்துவதற்குக்கூடத் தாய், தந்தை இருவரின் இசைவையும் கலந்தாலோசனையையும் திருக்குர்ஆன் (2:233) கோருகிறது. நம் ஊர்களிலோ, பிள்ளையின் உயிர் பற்றிய முடிவு வராந்தாவில் ஆண்களுக்குள் எடுக்கப்பட்டு, பிரசவ வார்டில் படுத்திருக்கும் தாய்க்குப் பிறகுதான் தெரிவிக்கப்படுகிறது.